பழைய ஆர்கேடு ஆட்டத்தைப் பதிவிறக்கமாக வாங்கி ஆடும்போது கைக்கு மட்டும் ஏன் அந்நியமாகத் தெரிகிறது?

கேள்வி | மூன்றாம்உயிர்

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதில் நான் மிகுதியாக ஆடிய ஆர்கேடு ஆட்டம் (காசு போட்டு ஆடும் பொது இடத்து இயந்திர ஆட்டம்) ஒன்று, இன்றைய கன்சோலில் பதிவிறக்கமாக விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டதும் வாங்கிவிட்டேன். பக்கவாட்டில் நகரும் விண்கலச் சுடும் ஆட்டம் அது. யாரையும் குறைசொல்வது என் நோக்கம் அன்று; ஆகவே ஆட்டத்தின் பெயரையும் வெளியிட்டவர்களின் பெயரையும் தவிர்க்கிறேன்.

படத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. நிறம், எழுத்து, வெடிப்பு எல்லாம் நினைவில் இருப்பதைப் போலவே உள்ளன. ஆனால் இரண்டாம் கட்டத்தில் மேலும் கீழும் சுவர்கள் நெருங்கி வரும் ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே கீழ்ச்சுவரின் முனை விண்கலத்தின் மூக்குக்கு நேராக வரும் கணத்தில் மேலே அழுத்த வேண்டும் என்பது என் கட்டைவிரலுக்கு மனப்பாடம். இப்போது அதே கணத்தில் அழுத்தினால், கலம் எழும்புவதற்குள் சுவரில் மோதிவிடுகிறது. பத்து முறை முயன்றேன். பத்து முறையும் அதே இடத்தில், அதே விதமாக மோதியது. இதோடு, பின்னணியில் நகரும் விண்மீன்கள் சீராக ஓடாமல், நொடிக்குச் சில முறை மிக மெல்லிதாகத் தயங்கித் தயங்கி நகர்வதாகவும் தோன்றுகிறது.

வயதின் காரணமாக என் கைதான் மந்தமாகிவிட்டதோ என்று முதலில் ஐயுற்றேன். பிறகு, அசல் சர்க்யூட் போர்டையும் பழைய குழாய்த் திரையையும் பாதுகாத்து வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சென்று ஆடிப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே அந்த இடுக்கைக் கடந்துவிட்டேன். ஆகவே குறை என் கையில் இல்லை என்பது உறுதி.

நான் அறிய விரும்புவது இவற்றைத்தான். நிரல் அதேதான் என்றால், ஆட்டம் மாறுவது எப்படி? அதே காலத்து வேறு சில ஆட்டங்கள் பதிவிறக்கமாக வந்தும் கைக்குச் சரியாகவே அமைவது ஏன்? வாங்குவதற்கு முன்பே நல்ல போர்ட்டை, அதாவது பழைய ஆட்டத்தைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றி அமைத்த வடிவத்தை, இனம்காண வழி உண்டா? மேலும், நான் தேடும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் எந்தக் கடையிலும் இல்லை. சில ஆட்டங்கள் ஒருகாலத்தில் விற்கப்பட்டு, பின்னர் மறைந்திருக்கின்றன. அதற்கான காரணத்தையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 | கடிகாரத்துடிப்பு

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. விண்மீன்கள் தயங்குவதும் கலம் சுவரில் மோதுவதும் இரு வேறு குறைகள். இரண்டும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து வந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் தயக்கம். இன்றைய டிவிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கின்றன. பழைய ஆர்கேடு போர்டுகளுக்கு அப்படிப் பொதுவான கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு போர்டும் தனக்கென்று ஒரு திரையோடு சேர்த்து விற்கப்பட்டதால், வடிவமைத்தவர்கள் தங்களுக்கு வசதியான எண்ணிக்கையைத் தேர்ந்துகொண்டார்கள். 1980-இல் வந்த பேக்-மேன் நொடிக்கு ஏறத்தாழ 60.6 பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) ஓடியது. அதை 60-க்கு இறக்கினால் நூறு நிமிட ஆட்டம் நூற்றொரு நிமிடமாகும், எவரும் உணரமாட்டார்கள். ஆனால் 1987-இல் ஐரெம் வெளியிட்ட ஆர்-டைப்பின் போர்டு நொடிக்கு ஏறத்தாழ 55 பிரேம்கள்தான் காட்டியது. இதை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்ட இரண்டே எளிய வழிகள் உண்டு. ஒன்று, ஆட்டத்தையே 60-க்கு ஓட்டுவது. அப்போது எதிரி, தோட்டா, சுவர் எல்லாமே ஒன்பது விழுக்காடு வேகமாக வரும். மற்றொன்று, வேகத்தை மாற்றாமல் ஒவ்வொரு பதினொரு பிரேமுக்கும் ஒரு பிரேமை இருமுறை காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுவது. அப்போது சீராக நகர வேண்டிய பின்னணி நொடிக்கு ஐந்து முறை ஒரு கணம் நின்று நகரும். நீங்கள் கண்ட தயக்கம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியின் விளைவாகவே இருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால், இரண்டு தீமைகளில் இதுவே சிறியது. ஆட்டத்தின் வேகமாவது காப்பாற்றப்படுகிறது. புதுப்பிப்பு வீதத்தை ஆட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் திரையும் அதற்கு இடம் தரும் கன்சோலும் போர்ட்டும் ஒருங்கே அமைந்தால் இரண்டு தீமையும் இல்லாமல் போய்விடும்.

அடுத்து, கலம் மோதுவது. இது தாமதம். பழைய குழாய்த் திரை, சிக்னல் வர வர அதை அப்படியே வரி வரியாக வரைந்துவிடும். இடையில் எதையும் சேமித்து வைத்து ஆராய்வதில்லை. இன்று நீங்கள் பட்டனை அழுத்தியதும் அந்தச் செய்தி வயர்லெஸ் கண்ட்ரோலரிலிருந்து புறப்பட்டு, கன்சோலின் இயங்குதளம், எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்), வரைந்து முடித்த படங்கள் வரிசையில் காத்திருக்கும் நினைவகம், டிவியின் படத்திருத்தச் செயலி என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று திரைக்கு வருகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமின் நீளம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. வாசலுக்கு ஒரு பிரேம் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு வாசலில் 67 மில்லிநொடி போய்விடும். மெதுவாகச் சிந்தித்து ஆடும் ஆட்டத்தில் இது தெரியாது. சுவரின் முனையைப் பார்த்து அழுத்தப் பழகிய கட்டைவிரலுக்கு இது கட்டாயம் தெரியும்.

எனவே முதலில் டிவியின் அமைப்புகளில் கேம் மோடை (படத்திருத்தத்தைக் குறைத்துத் தாமதத்தைத் தணிக்கும் நிலையை) இயக்குங்கள். பிறகு, கைப்பேசியில் நொடிக்கு 240 பிரேம் பதிவு செய்யும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால், உங்கள் கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வைத்துப் பதிவு செய்யுங்கள். பட்டன் அடிவரை இறங்கிய பிரேமிலிருந்து, கலம் முதன்முதலாக அசையும் பிரேம்வரை எண்ணுங்கள். ஒவ்வொரு பிரேமும் நான்கு மில்லிநொடிக்குச் சற்று மேல். பத்துப் பதினைந்து முறை செய்து சராசரி எடுத்தால், குறை டிவியிலா போர்ட்டிலா என்பது தெளிவாகிவிடும். ஊகத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் நூற்றைவிட இந்த ஒரு அளவீடு பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் குறை தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றியும் ஒரு சொல். காப்காமின் சிபிஎஸ்-1 போர்டு 384-க்கு 224 புள்ளிகளில் படத்தை உருவாக்கி, அதை நான்குக்கு மூன்று என்ற விகிதமுள்ள திரையில் நிரப்பியது. அதாவது அதன் புள்ளிகள் சதுரமானவை அல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்த்து அப்படியே பெருக்கிக் காட்டும் போர்ட்டில் வீரர்கள் அனைவரும் பருத்துத் தெரிவார்கள். அதேபோல், 1991-இல் வந்த முதல் சோனிக் ஆட்டத்தின் அருவிகள் வெறும் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரையப்பட்டன. அக்காலத்தில் டிவியோடு இணைத்த காம்போசிட் வயரின் மங்கலில் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, ஒளி ஊடுருவும் நீராகத் தெரிந்தன. இன்றைய கூர்மையான திரையில் அது கம்பி வேலி போலத் தெரிகிறது. ஓவியர் வரைந்தது கோடுகளை என்றாலும் காட்ட நினைத்தது நீரை. இதை உணர்ந்த போர்ட்டில் மட்டுமே பழைய திரையைப் போன்ற வடிகட்டி கவனத்தோடு அமைக்கப்பட்டிருக்கும்.

பதில் 2 | சில்லுப்பலகை

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நண்பர் கேட்ட முதல் கேள்வி, நிரல் அதேதான் என்றால் ஆட்டம் மாறுவது எப்படி என்பது. அதற்கு இன்னும் அடிப்படையான ஒரு விடை உண்டு: பல போர்ட்டுகளில் நிரல் அதுவே அன்று.

போர்ட் செய்வதில் பெரும்பாதைகள் இரண்டு. அசல் போர்டின் சில்லுகள் ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொண்டனவோ அப்படியே நடிக்கும் எமுலேட்டரை எழுதி, அதன்மேல் அசல் ரோமை (சில்லில் பதிந்திருந்த ஆட்ட நிரலை) மாற்றாமல் ஓட்டுவது ஒன்று. ஆட்டத்தைப் பார்த்தோ, கிடைத்த மூலநிரலைக் கொண்டோ, புதிய இயந்திரத்துக்கு ஏற்ப மீண்டும் எழுதுவது மற்றொன்று. இரண்டாவது பாதையில் செல்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பழைய ஆட்டத்தின் விதிகளில் கணிசமான பகுதி நிரலில் எழுதப்படவே இல்லை. அது வன்பொருளின் பலவீனத்தில் ஒளிந்திருந்தது.

1978-இல் டைட்டோவுக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 55 அந்நியர்கள். அதன் இன்டெல் 8080 செயலி ஒரு பிரேமில் ஓர் அந்நியனை மட்டுமே நகர்த்தியது. ஆகவே முழுப் படையும் ஓரடி வைக்க 55 பிரேம்கள் ஆயின. நீங்கள் சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது, சுற்று விரைவில் முடிந்தது, படை வேகமெடுத்தது. கடைசியாக எஞ்சும் ஒருவன் ஒவ்வொரு பிரேமிலும் நகர்ந்து வெறிகொண்டவன் போல ஓடுவான். அந்த ஆட்டத்தின் உயிரான பதற்றம் முழுவதும் இதிலிருந்து பிறந்தது. இதை அறியாத ஒருவர் இன்றைய செயலியில் 55 பேரையும் ஒரே பிரேமில் நகர்த்தி எழுதினால், படம் அச்சாக அப்படியே இருக்கும், ஆட்டம் செத்துப்போயிருக்கும். இதில் ஒலியும் அப்படித்தான். அதன் ஒலிகளை உண்டாக்கியது நிரல் அல்ல, போர்டில் பற்றவைக்கப்பட்ட தனித்தனி அனலாக் சுற்றுகள். ரோமை மட்டும் எடுத்து ஓட்டினால் ஆட்டம் ஊமையாகிவிடும். சுற்றின் நடத்தையைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டும், அல்லது அசல் இயந்திரத்தின் ஒலியைப் பதிவு செய்து சேர்க்க வேண்டும்.

பேக்-மேன் இன்னும் நுட்பமானது. அதில் இளஞ்சிவப்புப் பேய், பேக்-மேன் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் நான்கு கட்டங்கள் தள்ளியிருக்கும் இடத்தைக் குறிவைத்து வரும். ஆனால் அவர் மேல்நோக்கிச் செல்லும்போது மட்டும், கூட்டலில் நேர்ந்த ஒரு பிழையால் குறி நான்கு கட்டம் மேலே மட்டுமன்றி நான்கு கட்டம் இடப்புறமும் விலகிவிடுகிறது. இது தவறுதான், ஐயமில்லை. ஆனால் பேக்-மேனில் பேய்கள் மனம்போன போக்கில் திரிவதில்லை. ஆட்டத்தின் ஒரே நிலையில் ஒரே அசைவுகளைச் செய்தால் அவையும் ஒரே வழியில்தான் வரும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் முழுப் பாதைகளை மனப்பாடம் செய்து ஆடினார்கள். மறுபடி எழுதும் ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தப் பிழையைத் திருத்தினால், மனப்பாடமான அத்தனை பாதைகளும் பொய்த்துவிடும். ஆட்டத்தின் 256-ஆம் நிலையில், 255 வரை மட்டுமே கொள்ளும் எட்டு பிட் எண்ணி நிரம்பித் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடுவதும் பிழையே; ஆனால் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. உண்மையான போர்ட் அதையும் காட்ட வேண்டும் என்பேன்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சூப்பர் நிண்டெண்டோவில் வந்த கிரேடியஸ் III, திரையில் தோட்டாக்கள் பெருகியதும் மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். அந்த மந்தத்தையே துணையாகக் கொண்டு பலரும் கடினமான இடங்களைக் கடந்தார்கள். 2019-இல் ஆர்வலர் ஒருவர், எஸ்ஏ-1 என்னும் துணைச் செயலியைப் பயன்படுத்தும்படி அந்த ஆட்டத்தைத் திருத்தி மந்தத்தை நீக்கினார். ஆட்டம் அழகாக ஓடுகிறது. மூச்சுவிட இடமில்லாமல் கடினமாகவும் ஆகிறது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் விற்பவர் ஒரு கடமையைச் செய்ய வேண்டும்: எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று சொல்லிவிட்டு, அசல் நடத்தையை ஒரு தெரிவாகவாவது வைக்க வேண்டும்.

மறுபடி எழுதுவதே தவறு என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். 2011-இல் வந்த சோனிக் சிடி, கிறிஸ்டியன் வைட்ஹெட் தாமே எழுதிய எஞ்சினில் புதிதாகக் கட்டப்பட்டது. அகலத்திரைக்கு விரிந்தும் பந்தாகச் சுருண்டு உருளும் சோனிக்கின் எடையும் சரிவின் உந்துதலும் மாறவில்லை. அசலை உள்ளங்கைபோல் அறிந்த ஒருவர் எழுதினால் மறு ஆக்கமும் மெய்யாகவே அமையும். அதற்கு எதிர்முனையில் 2012-இன் சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பு நிற்கிறது. வெளியான ஆட்டங்களின் இறுதி மூலநிரல் பாதுகாக்கப்படாததால், அதற்கு முந்தைய முடிவுறாத நிரலைக் கொண்டே அதை உருவாக்க நேர்ந்தது. அசலில் என்றோ தீர்க்கப்பட்ட பிழைகளை அந்தக் குழு மீண்டும் ஒருமுறை தீர்க்க வேண்டியிருந்தது. மூடுபனிகூட முன்போல அமையவில்லை. நிரலைக் காப்பாற்றி வைக்காததற்கு நிறுவனங்கள் கொடுக்கும் விலை இது.

பதில் 3 | நீலத்திரை

தொழில்நுட்பத்தை நண்பர்கள் இருவரும் நன்கு விளக்கிவிட்டார்கள். ஆட்டங்கள் ஏன் கடையில் இல்லை, இருந்தவை ஏன் மறைந்தன என்ற கடைசிக் கேள்விக்கு நான் விடை தர முயல்கிறேன். எமுலேட்டர் எழுதத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. விற்கும் உரிமையைத் திரட்டுவதுதான் பல ஆட்டங்களைத் தடுத்து நிறுத்துகிறது.

டாங்கி காங் 1981-இல் வந்தது, உலகறிந்த ஆட்டம். ஆயினும் அதன் ஆர்கேடு வடிவம் முதன்முதலாகப் பதிவிறக்கத்துக்கு வந்தது 2018 ஜூனில், ஹேம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேடு ஆர்க்கைவ்ஸ் வரிசையில்தான். நிண்டெண்டோவுக்காக அந்த ஆட்டத்தின் நிரலை எழுதியது இகெகாமி சுஷின்கி என்ற வேறொரு நிறுவனம். நிரல் யாருக்குச் சொந்தம் என்பது நீதிமன்றம்வரை சென்ற தகராறு. நெடுங்காலம் பதிவிறக்கக் கடைகளில் கிடைத்தது வீட்டுக் கன்சோல் வடிவம் மட்டுமே. அதில், ஆர்கேடு வடிவத்தின் நான்கு கட்டங்களில் ஒன்றான, சிமென்ட் தட்டுகள் நகரும் கன்வேயர் கட்டம் கிடையாது. அதை வாங்கியவர்களில் எத்தனை பேர் தாங்கள் ஆடுவது நான்கில் மூன்று பங்கு ஆட்டம் என்று அறிந்திருப்பார்கள்?

இசையும் விளம்பரமும் வேறொரு சிக்கல். டாக்ஸி ஓட்டும் ஆட்டமான கிரேஸி டாக்ஸி 2010-இல் பதிவிறக்கமாக வந்தபோது ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் குழுக்களின் பாடல்கள் அதில் இல்லை. பயணிகள் போகச் சொல்லும் பீட்சா ஹட், கேஎஃப்சி கடைகளும் பெயர்மாறியிருந்தன. அந்தப் பாடல் காதில் ஒலிக்கக் காற்றில் பாய்ந்தவர்களுக்கு அது வேறோர் ஆட்டம். ஃபெராரி உரிமம் முடிந்ததால் ‘அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேடு’ என்ற கார் ஓட்டும் ஆட்டம் கடையிலிருந்து நீங்கியது. மார்வெல் வர்சஸ் காப்காம் 2, 2009-இல் பதிவிறக்கமாக வந்து 2013 முடிவில் நீக்கப்பட்டு, மீண்டும் வாங்கக் கிடைத்தது 2024-இல்தான். கோல்டன்ஐ 007 ஆட்டத்தில் நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட், ஜேம்ஸ் பாண்ட் உரிமையாளர்கள் என எல்லாரும் ஒரே மேசைக்கு வர வேண்டியிருந்தது. 1997-இன் ஆட்டம் 2023 ஜனவரியில்தான் திரும்பி வந்தது.

ஆட்டம் போகாவிட்டாலும் கடையே போய்விடுவதும் உண்டு. நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்கான கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகளில் வாங்கும் வசதி 2023 மார்ச் 27-உடன் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஒவ்வொரு மூடலிலும் வேறெங்கும் விற்கப்படாத போர்ட்டுகள் சேர்ந்தே மறைந்தன. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்க அனுமதி கேட்ட கோரிக்கையையும் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. இந்தத் தீர்மானம் எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விற்கவும் மாட்டோம், இரவல் கொடுக்கவும் விடமாட்டோம் என்றால், அந்த ஆட்டங்களை அடுத்த தலைமுறை எங்கே காணும்?

கடையில் பணம் கட்டினாலும் நீங்கள் பெறுவது ஆட்டத்தை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், இதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆகவே நிறுவல் கோப்பைத் தனியே தரும் கடைகளில் ஆட்டம் கிடைத்தால் அதையே முதலில் தேர்ந்தெடுங்கள். 2008-இல் தொடங்கிய ஜிஓஜி அப்படிப்பட்டது. அங்குள்ள பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) ஆட்டங்கள் பலவும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரோடு சேர்த்தே வருகின்றன. கோப்பு உங்கள் வட்டில் இருக்கும்வரை கடை மூடினாலும் கவலையில்லை.

மூன்றாம்உயிர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை.

கடிகாரத்துடிப்பு அவர்கள் சொன்னபடி கைப்பேசியில் பதிவு செய்து, பன்னிரண்டு அழுத்தங்களை எண்ணினேன். டிவி வழக்கமான நிலையில் இருந்தபோது சராசரி 38 பிரேம்கள். அதாவது ஏறத்தாழ 158 மில்லிநொடி. கேம் மோடை இயக்கியதும் 22-ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 92 மில்லிநொடி. பிறகு, கைக்குச் சரியாக அமைகிறது என்று நான் எழுதியிருந்த மற்றோர் ஆட்டத்தை அதே டிவியில், அதே கண்ட்ரோலரில், அதே நிலையில் அளந்தேன். 16 பிரேம்கள்தான் வந்தன. ஆகவே பெரும்பங்கு டிவியின் குறை. ஆனால் ஆறு பிரேம்கள், அதாவது 25 மில்லிநொடி, இரண்டு ஆட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு என்பது தெளிவாகிவிட்டது. கேம் மோடில் அந்த இடுக்கை மூன்றில் ஒரு முறை கடந்துவிடுகிறேன்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வாங்கும் முன் பார்த்தறிய என்ன வழி? கடைப்பக்கத்தில் இருக்கும் விளம்பரப் படங்களிலிருந்து தாமதத்தையோ தயக்கத்தையோ அறிய முடியாது அல்லவா?

கடிகாரத்துடிப்பு

அளந்து எழுதியதற்கு நன்றி. இப்படிச் செய்பவர்கள் மிகச் சிலரே.

தாமதத்தைப் படத்தில் காண முடியாது என்பது உண்மை. ஆனால் அக்கறையோடு செய்த போர்ட்டை அதன் அமைப்புகள் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். அசல் போர்டில் சிறு சுவிட்சுகளாக இருந்த டிப் சுவிட்ச் அமைப்புகள் திரையில் கிடைக்கின்றனவா, ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு ரோம் பதிப்புகள் தரப்பட்டுள்ளனவா, செங்குத்துத் திரை ஆட்டமாக இருந்தால் படத்தைத் திருப்பிவைக்க இடமுண்டா என்று பாருங்கள். போர்டைத் திறந்து பார்த்தவர்களால் மட்டுமே இவற்றைக் கொடுக்க முடியும். அடுத்து, செய்தது யார் என்று பாருங்கள். வெளியிடும் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். போர்ட் செய்த குழுவின் பெயர் நன்றியுரையில் சிறிதாக இருக்கும். எம்2, ஹேம்ஸ்டர், டிஜிட்டல் எக்லிப்ஸ் போன்ற பெயர்கள் இருந்தால் நான் பெரும்பாலும் நம்பி வாங்குவேன். டிஜிட்டல் எக்லிப்ஸ் 2022-இல் செய்த அட்டாரி 50 தொகுப்பில், ஆட்டங்களோடு அவற்றை உருவாக்கியவர்களின் நேர்காணல்களும் அக்கால ஆவணங்களும் கால வரிசைப்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு அக்கறை எடுத்தவர்கள் பிரேம் கணக்கில் கவனக்குறைவாக இருப்பது அரிது.

சில்லுப்பலகை

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கன்சோல் ஆட்டம் வாங்குவோர் தவறவிடக்கூடாதது. ஐரோப்பிய டிவிகள் அக்காலத்தில் 50 ஹெர்ட்ஸில் இயங்கின. அதனால் பல ஆட்டங்களின் ஐரோப்பியப் பதிப்பு, திருத்தம் எதுவுமின்றி ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடியது. இசையும் சேர்ந்து இழுபட்டது. இன்றைய திரைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாதபோதும், அந்தப் பதிப்பையே எடுத்துத் தொகுப்பில் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு கருவியின் இருபது ஆட்டங்களில் ஒன்பது அப்படி 50 ஹெர்ட்ஸ் பதிப்பாகவே இருந்தன. அதனால் கன்சோல் தொகுப்பு வாங்கும்போது 60 ஹெர்ட்ஸ் பதிப்பு உள்ளதா என்று விவரப்பக்கத்தில் தேடுங்கள்; இல்லையென்றால், யாரேனும் முழுமையாக ஆடிப் பதிவேற்றிய காணொளியை எடுத்து, தலைப்பு இசையை அசல் பதிவோடு ஒரு நிமிடம் ஒப்பிட்டுக் கேளுங்கள். 60 நொடிக்குரிய இசை 72 நொடி இழுத்தால் அது 50 ஹெர்ட்ஸ்தான்.

மூன்றாம்உயிர்

கேட்டுப் பார்த்தேன். அடுத்து வாங்க எண்ணி வைத்திருந்த கன்சோல் தொகுப்பில் நான்கு ஆட்டங்களைச் சோதித்தேன். மூன்று சரியாக இருந்தன. நான்காவதன் தலைப்பு இசை, 25 நொடியில் முடிய வேண்டியது 30 நொடி ஓடியது. அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான் தொகுப்பையே வாங்க நினைத்திருந்தேன். பதிப்பைத் தெரிவு செய்யும் வசதியைச் சேர்க்குமாறு வெளியிட்டவர்களின் ஆதரவுப் பக்கத்தில் அளவுகளோடு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இதே இழையில் பதிவு செய்கிறேன்.